முப்பத்து நான்கு

கபுவாட்டா சந்தைக்கு எதிரே மருந்துக்கடை.
மருந்தாளர் சிசங்கா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள்.
ஒன்றின் விலைக்கு
லுவாங்வாவில் இன்னும் ஓர் இரவு தங்கலாம்.
ஒன்று வாரத்துக்கு ஒருமுறை,
ஆனால் கனவில் யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்களாம்.
ஒன்று மலிவு. தினம் ஒன்று.
"சாப்பிட்டபின் விழுங்குங்கள்.
அரை மணி நேரம் படுக்காதீர்கள், தொண்டை வெந்துவிடும்.
வெயிலில் தோல் கன்றும்."

எத்தனை நாள் பயணம்?
நான்கு.
போகுமுன் இரண்டு, அங்கே நான்கு,
திரும்பியபின் இருபத்தெட்டு.
வங்கியில் பணம் எண்ணுகிறவள் நான்,
இருந்தும் இன்னொருமுறை எண்ணச் சொன்னேன்.
நான்கு நாள் யானை பார்க்க
முப்பத்து நான்கு.

"நான் இந்த நாட்டுக்காரிதானே, எனக்கெதற்கு?"
"எங்கே பிறந்தீர்கள்?"
இங்கே, லுசாகாவில்.
"கடைசியாக எப்போது?"
ஆறாம் வகுப்பில். பரீட்சை முடியும்வரை
காதுக்குள் மணியடித்துக்கொண்டிருந்தது.
"உங்கள் உடம்பு அதை மறந்திருக்கும்" என்றாள்,
காலிசெய்துபோன வாடகைக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல.

கிழக்கே ஸ்வாஹிலிக்காரர்களுக்கு
சஃபாரி என்றால் வெறும் பயணம்தான்.
மாமியார் வீட்டுக்குப் போவதும் சஃபாரி.
அதற்கு யார் மாத்திரை தருகிறார்கள்?

ஹமூங்கா கேட்டதும் சிரித்தான்.
அவன் க்வெம்பே பள்ளத்தாக்கில் பிறந்தவன்.
"என் ரத்தத்துக்கும் கொசுவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது.
அது சுற்றுலாக்காரர் மாத்திரை."
ஒப்பந்தம் போட்டுப் பதினெட்டு வருடமாயிற்று.
அதன்பின் அவனைக் கடித்ததெல்லாம்
எங்கள் தெருச் சாக்கடைக் கொசு.
சிசங்கா சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்:
சாப்பாட்டுக்குப் பின், அரை மணி, வெயில்.
அவன் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு இரவு முன்னால் முதல் மாத்திரை.
மறுநாள் இரவு குப்பியைக் கவிழ்த்து எண்ணினேன்,
தொழில் வியாதி.
முப்பத்து மூன்று இருக்க வேண்டும்.
முப்பத்திரண்டு.
அலமாரிக்கு அடியில் தேடினேன்.
மறுபடி எண்ணினேன்.

தட்டைக் கழுவிய ஈரக்கையோடு
படுக்கையில் விழுந்து குறட்டைவிடுகிற ஆள்
நேற்று முற்றத்தில் நின்றிருந்தான், வெகுநேரம்.
என்ன பார்க்கிறாய் என்றேன்.
நிலாவை, என்றான்.
நேற்று நிலா இல்லை.

மதிய இடைவேளையில் கபுவாட்டாவுக்கு ஓடினேன்.
இன்னொரு முப்பத்து நான்கு.
சிசங்கா ஒன்றும் கேட்கவில்லை.
அதே குப்பியில் கொட்டினேன்,
மூடி திருகச் சற்று முரண்டுபிடித்தது.

லுவாங்வாவில் தொங்குகாய் மரத்தில் ஒரு சிறுத்தை
வாலை மட்டும் எங்களுக்குக் காட்டியது.
அந்தி சாய்ந்ததும் கணுக்காலைச் சுற்றி மெல்லிய ரீங்காரம்.
ஹமூங்கா வழிகாட்டி யோதாமிடம்
க்வெம்பே ரத்தத்தின் பெருமையைத் தொடங்கினான்.
யோதாம் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டான்.
"எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் விரலில் குத்திப் பார்ப்போம்.
இந்த மழைக்கு எனக்கு இரண்டு தரம், மகளுக்கு மூன்று.
உங்கள் மாத்திரை நல்ல மாத்திரைதான்.
பயணம் முடிந்து இருபத்தெட்டு நாள் என்கிறார்கள்.
எங்களுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது?"
ஹமூங்கா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

திரும்பி வந்து பதினோரு நாளாகிறது.
அவன் மூக்கும் முன்கையும் கன்றிக் கிடக்கின்றன.
"காட்டு வெயில்" என்கிறான் பக்கத்து வீட்டாரிடம்,
"மாத்திரை ஒன்றுகூடப் போடவில்லை, பாருங்கள்."
பார்க்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

ஒரு க்வாச்சா இடித்தாலும்
வங்கியைவிட்டு நகராதவள்
அந்தக் குப்பியை மட்டும் இப்போது எண்ணுவதில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்தது.
முற்றத்தில் நிற்கிறான்,
மேகம் மூடிய வானத்தை அண்ணாந்து பார்த்தபடி.
போய்ப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.
எப்படியும்
எனக்கும் அரை மணி நேரம்
படுக்கக் கூடாது.